சம்பள நாளும் சலூன் கதவும்

"சலூன் வாசல்ல பொம்பளைங்க மண்டி போட்டு உக்காந்தாங்களாம்மா" என்று போனில் சொன்னேன். அம்மாவுக்குப் புரியவில்லை. "முடி வெட்டற கடை முன்னாடி எதுக்கு அம்மணி மண்டி போடோணும்?" என்றாள்.

நம்மூரில் சலூன் என்றால் முடி திருத்தும் கடைதான். பெரிய கூடத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். அமெரிக்காவில் அது 1840களிலிருந்து மதுக்கடைக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. "சாராயக்கடைம்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்படிச் சொல்லு" என்றாள்.

நான் இருப்பது ஓஹியோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில். வடக்கே சற்றுத் தூரத்தில் வெஸ்டர்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர் நூலகத்துக்குப் பையனைக் கதை நேரத்துக்கு அழைத்துப்போவேன். அங்கேதான் சலூன் எதிர்ப்புச் சங்கத்தின் அருங்காட்சியகமும் இருக்கிறது. அமெரிக்கா முழுவதும் மதுவைத் தடைசெய்ய வைத்த சங்கம் அது. ஒருநாள் பையன் கதை கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் படம் போட்ட பழைய பிரசுரங்கள், சலூனுக்குப் போகும் காசு வீட்டுக்கு வந்தால் என்னென்ன வாங்கலாம் என்று சொல்லும் பிரசாரம். அதை வாசித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரவில்லை. எங்கள் மில் கேட் ஞாபகம் வந்தது.

எண்பதுகளில் அப்பா ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். சம்பள நாளில் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மில் கேட்டில் போய் நிற்பாள். அவள் ஒருத்தி மட்டும் இல்லை, ஏழெட்டுப் பெண்கள் நிற்பார்கள். எதிரே சாராயக்கடை. கேட்டுக்கும் கடைக்கும் நடுவே அகலமே இல்லாத ஒரு ரோடு. அந்த ரோட்டைக் கடப்பதற்குள் கவரைக் கையில் வாங்கிவிட வேண்டும். பிந்தினால் அந்த மாதம் கடன்தான்.

அந்தப் பெண்கள் ஒருபோதும் கடைவாசலில் போய் உட்கார்ந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, சலூன் வாசலில் பெண்கள் மண்டியிட்ட ஹில்ஸ்பரோ ஊரின் கதையை என்னால் விட முடியவில்லை.

ஹில்ஸ்பரோ கொலம்பஸுக்குத் தெற்கே, காரில் ஒன்றரை மணி நேரம். 1873 டிசம்பர் 23 அன்று டயோ லூயிஸ் என்ற மருத்துவர் அங்கே சொற்பொழிவாற்ற வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர். தன் தாய், குடிகாரக் கணவரோடு பட்ட பாட்டைச் சொன்னார். அவரும் வேறு சில பெண்களும் மதுக்கடைக்கே நேராகப் போய், கடைக்காரரிடம் கெஞ்சிப் பிரார்த்தனை செய்ததைச் சொன்னார். இந்த ஊரில் அப்படிச் செய்ய யார் தயார் என்று கேட்டார். பெண்கள் எழுந்து நின்றார்கள்.

எலிசா ஜேன் தாம்ப்சன் அன்று கூட்டத்துக்குப் போகவில்லை. வயது 57. முன்னாள் ஆளுநரின் மகள், நீதிபதியின் மனைவி, பெரிய வீட்டுப் பெண்மணி. ஆனால் ஒரு மகனைக் குடிக்குப் பறிகொடுத்தவர். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, உங்களையும் எதிர்பார்க்கிறார்கள் என்றார்கள். கணவர் இதைக் கோமாளித்தனம் என்றாராம். ஆண்கள் இத்தனை காலம் அதைத்தானே செய்தீர்கள், இப்போது எங்கள் முறையாக இருக்கட்டும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

மறுநாள் காலை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். தேவாலயத்தில் கூடிய சுமார் எழுபது பெண்கள் இரண்டு இரண்டு பேராக வரிசை கட்டித் தெருவில் இறங்கினார்கள், பாட்டுப் பாடிக்கொண்டே. முதலில் மருந்துக் கடைகள், ஏனென்றால் அங்கும் மது விற்றார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். பிறகு விடுதிகள், சலூன்கள். உள்ளே விட்டால் மரத்தூள் பரப்பிய தரையில் மண்டியிட்டார்கள். விடாவிட்டால் வெளியே, குளிர்ந்து கிடந்த நடைபாதையில். இந்த ஊர்க் குளிரை நான் அறிவேன். டிசம்பரில் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் நின்றாலே கால் மரத்துப்போகும். அந்தக் குளிரில் பாவாடையை மடித்துக்கொண்டு மணிக்கணக்கில், நாள்கணக்கில் அவர்கள் மண்டியிட்டிருந்தார்கள்.

ஒரு மருந்துக் கடைக்காரர் மட்டும் மசியவில்லை. அவர் கடை வாசலிலேயே தற்காலிகக் கூடாரம் போட்டுப் பிரார்த்தனை நடத்தினார்கள். அவர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார். அதற்குள் பக்கத்து ஊரான வாஷிங்டன் கோர்ட் ஹவுஸில் சலூன்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியிருந்தன. சில மாதங்களுக்குள் 31 மாநிலங்களில் 900க்கும் மேற்பட்ட ஊர்களில் இதே காட்சி. கலந்துகொண்டவர்கள் குறைந்தது ஐம்பதாயிரம் பெண்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

அவர்கள் ஏன் மண்டியிட்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. சலூன் வேண்டாம் என்று வாக்குப்போட முடியாது. விவாகரத்து எளிதில் கிடைக்காது. பழைய சட்ட மரபில் குடும்பத்தின் பணமும் சொத்தும் கணவன் கையில். 1870களில் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்தாலும், நடைமுறையில் அவன் கொண்டுவந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கையில் வேறு எதுவும் இல்லாதவர்கள் முழங்காலைப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் மதுவிலக்கு இயக்கம் என்றாலே சிடுசிடுத்த கிழவிகளின் கூட்டம் என்று கேலிச்சித்திரம் போட்டவர்கள் பலர். அந்தச் சித்திரங்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆனால் சலூனைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பார்.

சலூன் வருவதற்கு முன்பே அமெரிக்கர்கள் பெருங்குடிகாரர்கள். 1830 வாக்கில் 15 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 7 கேலன் சுத்த ஆல்கஹால், இன்றைய அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மக்காச்சோளத்தை மலை தாண்டிச் சந்தைக்குக் கொண்டுபோவதைவிட விஸ்கியாக்கிக் கொண்டுபோவது சுலபம் என்பதால் விஸ்கி மலிந்து கிடந்தது. பிறகு ஜெர்மானியர்கள் வந்தார்கள், பீர் வந்தது, ஆலைகள் வந்தன, நகரங்கள் வீங்கின. அந்த நகரங்களின் தெருமுனைகளில்தான் நாம் படங்களில் பார்க்கும் சலூன் வளர்ந்தது. நீண்ட மர மேசை, கால் வைக்கப் பித்தளைக் கம்பி, பின்னால் பெரிய கண்ணாடி, தரையில் எச்சில் படிக்கம்.

ஐந்து சென்ட் கொடுத்து ஒரு கிளாஸ் பீர் வாங்கினால் மதியச் சாப்பாடு இலவசம். ரொட்டி, சாசேஜ், சீஸ், ஊறுகாய், உப்பு மீன். நம்மூர் கடைகளில் சுண்டலும் மாங்காயும் வைக்கிற அதே கணக்கு, உப்பும் காரமும் தாகத்தைக் கூட்டும். ஆனாலும் பசித்த தொழிலாளிக்கு அது ஒருவேளைச் சோறு. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வாடகை வீட்டில் இருந்தவனுக்கு அடுப்பு எரியும் சூடான இடமும் சலூன்தான். செய்தித்தாள் அங்கே கிடக்கும். கடிதம் அந்த விலாசத்துக்கு வரும். பொதுக் கழிப்பறை அபூர்வமாக இருந்த நகரத்தில் அதுவும் அங்கேதான். தொழிற்சங்கம் கூடுவது அதன் பின்கட்டில். வேலை எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்வது அங்கே. சிகாகோவின் முதல் வார்டில் 'ஹிங்கி டிங்க்' என்று பட்டப்பெயர் பெற்ற மைக்கேல் கென்னா என்ற கவுன்சிலர் தன் சலூனுக்கு வைத்த பெயரே 'தொழிலாளர் பரிவர்த்தனை நிலையம்'. வேலையற்றவனுக்கு அங்கே சாப்பாடு கிடைக்கும், தேர்தல் நாளில் அவன் ஓட்டு கென்னாவுக்குக் கிடைக்கும்.

அப்புறம் சம்பளக் காசோலை. வங்கிப் பக்கமே போகாத தொழிலாளிக்கு அதை மாற்றித்தர சலூன்காரர் தயாராக இருந்தார். மாற்றியவன் ஒரு கிளாஸாவது குடிக்காமல் எப்படி வெளியே வருவான்? நண்பன் வாங்கித்தந்தால் பதிலுக்கு வாங்கித்தராமல் எப்படி வருவான்? எங்கள் மில் கேட்டில் ரோட்டின் அந்தப் பக்கம் இருந்த கடை, சிகாகோவில் சம்பளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

பெண்கள் முன்வாசல் வழியாக வருவது மரியாதை இல்லை. பல கடைகளுக்குப் பக்கவாட்டில் பெண்களுக்கென்று தனிக் கதவு இருந்தது. பிள்ளைகளிடம் வாளியைக் கொடுத்து வீட்டுக்குப் பீர் வாங்கிவரச் சொல்வதும் வழக்கம்.

இதில் என்னை மிகவும் யோசிக்கவைத்த விஷயம் உரிமக் கட்டணம். சலூன்களைக் குறைக்க வேண்டும் என்று சீர்திருத்தக்காரர்கள் கட்டணத்தை உயர்த்தச் செய்தார்கள். சிகாகோவில் 1880களில் ஆண்டுக்கு 500 டாலர், 1906இல் 1000 டாலர். சிறு கடைக்காரரால் அவ்வளவு கட்ட முடியாது. பீர் கம்பெனி வந்து, நான் கட்டுகிறேன், மேசை நாற்காலியும் தருகிறேன், என் பீரை மட்டும் விற்றால் போதும் என்றது. இப்படிக் கடைகள் கம்பெனிகளின் கைக்குப் போயின. மில்வாக்கியின் ஷ்லிட்ஸ் கம்பெனி கட்டிய சலூன் கட்டடங்களில் சில, நெற்றியில் உலக உருண்டைச் சின்னத்தோடு, சிகாகோவில் இன்னும் நிற்கின்றன. ஒவ்வொரு கம்பெனியும் எதிர்க்கம்பெனிக் கடைக்கு எதிரே தன் கடையைத் திறந்தது. போட்டியில் பிழைக்க முடியாத கடைக்காரர் சூதாட்டத்தையும் பாலியல் தொழிலையும் மாடிக்குக் கொண்டுவந்தார். கடையைக் குறைக்கப் போட்ட கட்டணம் கடையைக் கெடுத்தது.

1893இல் கல்வியாளர்களும் பொதுவாழ்வில் இருந்தவர்களும் சேர்ந்து ஐம்பதின்மர் குழு என்று ஒன்றை அமைத்து மதுப் பிரச்சினையை ஆராய்ந்தார்கள். சலூனுக்குப் போகிறவர்கள் குடிக்காக மட்டும் போகவில்லை, அந்த இடத்துக்கு ஈடாக வேறொன்று தராமல் அதை மூடினால் பயனில்லை என்பது அவர்கள் ஆய்வில் திரும்பத் திரும்ப வந்த பேச்சு. அந்தப் பேச்சை யாராவது காதில் போட்டுக்கொண்டிருந்தால் எவ்வளவோ நடந்திருக்கும்.

ஹில்ஸ்பரோ பெண்கள் மூடவைத்த கடைகளில் பெரும்பாலானவை சீக்கிரமே திறந்துவிட்டன. பிரார்த்தனை மட்டும் போதாது என்று தெரிந்த பெண்கள் 1874 நவம்பரில் கிளீவ்லாந்தில் கூடிப் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1879இல் பிரான்சிஸ் வில்லார்டு தலைவரானதும் அது அந்நாட்டின் மிகப் பெரிய பெண்கள் அமைப்பாக வளர்ந்தது. குடியைப் பற்றி மட்டும் பேசுவதில் அவருக்கு நம்பிக்கையில்லை. எட்டு மணி நேர வேலை, சிறைகளில் பெண் காவலர்கள், மழலையர் பள்ளி, சிறுமிகளைப் பாதுகாக்கும் சட்டம், தெருவில் இலவசக் குடிநீர்க் குழாய், எல்லாவற்றுக்கும் மேலாக வாக்குரிமை. வீட்டைக் காக்க ஓட்டு வேண்டும் என்று அவர் சொன்னபோது, அதுவரை அரசியல் பக்கம் தலைவைக்காத குடும்பப் பெண்களுக்கும் அது புரிந்தது.

அவரிடம் பெருங்குறையும் இருந்தது. தென்மாநில வெள்ளையர்களின் ஆதரவுக்காக, கறுப்பின மக்களையும் குடியையும் இணைத்து இழிவாகப் பேசினார். கறுப்பினத்தவரைக் கும்பல் அடித்துக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 1894இல் இங்கிலாந்தில் வைத்தே அவரைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு வில்லார்டு நேர்மையாகப் பதில் சொல்லவே இல்லை என்பது என் கருத்து. ஐரிஷ், ஜெர்மானியக் குடியேறிகள் மீதான வெறுப்பும் இந்த இயக்கத்துக்குள் தொடக்கம் முதலே ஓடியது. 1920களில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பு மதுவிலக்கை ஆதரித்ததற்கு வேர் இங்கேதான்.

கான்சாஸின் கேரி நேஷனைச் சொல்லாமல் போக முடியாது. கைக்கோடரியால் சலூன் கண்ணாடிகளை உடைத்தவர். எல்லோரும் கோடரியைப் பற்றியே பேசுகிறார்கள். அவருடைய முதல் கணவர் ஒரு மருத்துவர் என்பதும், மணமாகி இரண்டாண்டுக்குள் குடியால் செத்துப்போனார் என்பதும், அப்போது கையில் பச்சைக்குழந்தை என்பதும் அடிக்குறிப்பாகிவிட்டது. கான்சாஸில் 1880லேயே மதுவிலக்குச் சட்டம் வந்தாயிற்று. அவர் 1900இல் உடைத்த கடைகள் எல்லாம் சட்டப்படி இருக்கவே கூடாத கடைகள். போலீஸ் கைதுசெய்தது அவரைத்தான்.

வெஸ்டர்விலுக்கு வருகிறேன். 1875இல் ஹென்றி கார்பின் என்பவர் இங்கே சலூன் திறந்தார். ஊர் திரண்டு எதிர்த்தது. ஒரு நள்ளிரவில் கட்டடத்தை வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டார்கள். 1879இல் மீண்டும் திறந்தார், மீண்டும் வெடி. இப்படிப்பட்ட ஊர் என்பதாலேயே 1909இல் சலூன் எதிர்ப்புச் சங்கம் தன் அச்சகத்தை இங்கே கொண்டுவந்தது. மாதத்துக்கு 40 டன்னுக்கு மேல் பிரசுரங்கள் இந்தச் சிற்றூரிலிருந்து தபாலில் போயின.

1893இல் ஓபர்லினில் தொடங்கிய சங்கம் அது. அதன் மூளை வெய்ன் வீலர். சிறுவயதில் பண்ணையில் குடிபோதையில் இருந்த கூலியாள் ஒருவர் வைக்கோல் குத்தும் முள்கரண்டியால் அவர் காலைத் தெரியாமல் குத்திவிட்டார். வீலரின் வழி மண்டியிடும் வழி இல்லை. கட்சி முக்கியமில்லை, வேட்பாளர் தனிப்பட்ட முறையில் குடிப்பவரா என்பதும் முக்கியமில்லை, சட்டமன்றத்தில் மதுவுக்கு எதிராகக் கை தூக்குவாரா, அது போதும். இரு கட்சிகளும் சமமாக இழுக்கும் தொகுதியில் தன் ஆட்களின் ஓட்டை ஒரு பக்கம் சாய்த்தால் முடிந்தது கதை. 1905இல் ஓஹியோ ஆளுநர் மைரன் ஹெரிக்கைத் தோற்கடித்துக் காட்டியதும் நாடு முழுவதும் அரசியல்வாதிகள் வீலரைக் கண்டு பயந்தார்கள்.

இன்னொரு தடை பணம். மத்திய அரசின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மது வரியிலிருந்து வந்தது. 1913இல் வருமான வரிக்கு வழி பிறந்ததும் அந்தத் தடை விலகியது. மதுவிலக்கு கொண்டுவந்த ராஜாஜியும் சென்னை மாகாணத்தில் 1939இல் விற்பனை வரி போட்டுத்தான் கஜானா ஓட்டையை அடைத்தார் என்பது நமக்குத் தெரிந்த கதை. பிறகு முதல் உலகப் போர் வந்தது. பெரிய பீர் கம்பெனிகளின் பெயர்கள் பெரும்பாலும் ஜெர்மன் பெயர்கள், அது ஒன்றே போதுமானதாக இருந்தது. 18ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1919 ஜனவரியில் நிறைவேறி, 1920 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது. தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, கொண்டுபோகக் கூடாது.

பதின்மூன்றே ஆண்டுகளில் அது கலைந்த கதை பலருக்கும் தெரியும். கள்ளக்கடை, கடத்தல், துப்பாக்கிக் கும்பல். குடி மொத்தத்தில் குறைந்தது, கல்லீரல் நோய்ச் சாவுகளும் குறைந்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் எனக்குத் தாங்காதவை இரண்டு. தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடிக்காமலிருக்க அதில் விஷம் கலக்க வேண்டும் என்பது அரசின் விதி. அது திருடப்பட்டு மதுவாக விற்கப்படுகிறது என்று தெரிந்தும் விஷத்தின் அளவைக் கூட்டினார்கள். 1926 கிறிஸ்துமஸில் நியூயார்க் மருத்துவமனைகளில் பிணங்கள் விழுந்தபோதும் வீலர் அதை நியாயப்படுத்தினார். செத்தவர்கள் பெரும்பாலும் நல்ல சரக்கு வாங்கக் காசில்லாத ஏழைகள். கள்ளச்சாராயச் சாவு ஒவ்வொன்றையும் செய்தியில் பார்த்து வளர்ந்தவள் நான். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

இரண்டாவது, மிச்சிகனில் 1928இல் நடந்தது. கொஞ்சம் ஜின் வைத்திருந்த குற்றத்துக்காக, அது நான்காவது முறை என்பதால், பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருவருக்கு ஆயுள் தண்டனை. பிறகு அது குறைக்கப்பட்டது. ஆனாலும் தாய்மாருக்காக, பிள்ளைகளுக்காக என்று தொடங்கிய இயக்கம், பத்துப் பிள்ளைகளிடமிருந்து தாயைப் பிரித்துக் கூண்டில் நிறுத்தும் இடத்துக்கு எப்படி வந்தது? கடைக்காரரிடம் முகம் பார்த்துப் பேசியவர்கள் ஹில்ஸ்பரோ பெண்கள். அவர் பெயர் தெரியும், பிள்ளைகள் பெயர் தெரியும். வீலரின் சங்கத்துக்குத் தெரிந்தது ஓட்டுக் கணக்கு. என் பார்வையில் இயக்கம் வென்றதும் தொலைந்ததும் அந்தக் கைமாற்றத்தில்தான்.

மதுவிலக்கை முடித்துவைத்ததிலும் பெண்களுக்குப் பங்கு உண்டு. முதலில் அதை ஆதரித்த பாலின் சாபின் என்ற நியூயார்க் பெண்மணி, சட்டம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்லி 1929இல் எதிரணி தொடங்கினார். வீட்டைக் காப்பது என்ற அதே சொல்லைத்தான் அவரும் பிடித்துக்கொண்டார். 1933 டிசம்பர் 5 அன்று தடை நீங்கியது. அன்று அதிபர் ரூஸ்வெல்ட் மாநிலங்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்தார். பழைய உருவிலோ புது வேடத்திலோ சலூன் மட்டும் திரும்பி வந்துவிடக் கூடாது. பல மாநிலங்களில் கம்பெனியே கடை நடத்துவது தடைசெய்யப்பட்டது. சலூன் என்ற பெயரையே பலகையில் எழுத விடாத இடங்களும் இருந்தன. பார், டாவர்ன் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கதவு வழியாகப் பெண்களும் உள்ளே போனார்கள்.

தடை நீங்கிய ஒன்றரை ஆண்டில், 1935இல், இதே ஓஹியோவின் ஆக்ரன் ஊரில் குடியிலிருந்து மீளத் தவித்த இரண்டு பேர் உட்கார்ந்து பேசினார்கள். பெயரை வெளியே சொல்லாமல் குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. அமைப்பு அங்கிருந்து வளர்ந்தது. ஒரு நாற்காலி, ஒரு காபி, தன் கதையைக் கேட்க நாலு பேர். ஐம்பதின்மர் குழு தேடிய இடம் அதற்குக் கொஞ்சம் பக்கத்திலாவது வரும் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. அவருடைய கூட்டாளிகள், அவருடைய ஊர்க்கதை, அவருக்குக் கைமாற்றுக் கொடுத்த ஆள், எல்லோரும் அந்தக் கடைக்குள்தான் இருந்தார்கள். இதை அப்போது யாரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டில் நிற்பதை அவள் விட்டிருக்க முடியாது.

வெஸ்டர்வில் நகரின் பழைய கடைத்தெருவில் 2006இல்தான் சட்டப்படி மறுபடியும் பீர் விற்கத் தொடங்கினார்கள், ஒரு பீட்சா கடையில். இப்போது நூலகத்திலிருந்து நடக்கிற தூரத்திலேயே பல கடைகளில் மது கிடைக்கிறது. போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் நடந்தபோது, ஒரு கடையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கணவனோடு சேர்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தத் தெருவில் வெடித்த வெடி தெரிந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டே கடந்தேன்.

அன்று இரவு அம்மாவுக்கு மீதிக் கதையையும் சொன்னேன். தடை வந்தது, போனது, விஷம், எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். "அதெல்லாம் சரி. அந்த மொதல்ல மண்டி போட்டாங்களே, அந்தப் பொம்பளைங்க வூட்டுக்கு அந்த மாசச் சம்பளம் வந்துச்சா?" என்றாள்.

சில கடைகள் சில மாதம் மூடியிருந்தன என்றேன்.

"அப்ப வந்திருக்கும்" என்றாள்.